கொம்பு வழக்கு

வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்த மறுநாளே என் வீட்டுக்காரர் சமையலறைக் கதவைக் கழற்றிவிட்டார். கீல் கீச்சிடுகிறதாம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கீச்சிடுகிற கதவு அது. அவர் காதில் அன்றைக்குத்தான் விழுந்திருக்கிறது. கதவு முடிந்ததும் சாப்பாட்டு மேசையின் கால், அதற்கப்புறம் என் தையல் மிஷினின் மூடி, அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் நாற்காலி. என் மூக்குக் கண்ணாடியின் திருகாணியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் முறுக்கிய முறுக்கில் ஃபிரேம் வளைந்துபோய், அன்று முழுக்க எனக்கு உலகமே ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது.

"கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்களேன்," என்றேன்.

"உக்காந்துதானே இருக்கேன்," என்று நின்றுகொண்டே சொன்னார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் எலக்ட்ரிக் கிட்டார் செய்கிறவர் அவர். மரத்தை அறுப்பது, தேய்ப்பது, பாலிஷ் அடிப்பது, கம்பி கட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. ஆர்டர் எடுப்பது, பேக் பண்ணி அனுப்புவது, பேசிய தேதிக்கு முடிக்காததற்குத் திட்டு வாங்குவது எல்லாம் நான். ஷெட்டில் உத்தரத்திலிருந்து முடிந்ததும் முடியாததுமாகக் கிட்டார் உடல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எதையும் அவர் தொடக்கூடாது, எதையும் நான் விற்கக்கூடாது. தினமும் காலையில் ஷெட்டைத் திறப்பார், அண்ணாந்து பார்ப்பார், பூட்டுவார். சாயங்காலம் மறுபடி திறப்பார்.

எல்லாம் ஒரு கொம்பால் வந்தது. எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கழுத்து வந்து சேரும் இடத்தில் உடலின் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் கிட்டாரில் கீழ்க்கொம்பு குட்டையாக, உள்பக்கமாக மடங்கியிருக்கும். இடுப்பு வளைவும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். இதை அவர் யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. முதல் முதலில் எங்களிடம் கிட்டார் கேட்டு வந்தவர் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர். குழுவில் யார் வாசித்தாலும் சுருதி சேரவில்லை என்று சொல்லிச் சொல்லி சுருதி அண்ணன் என்றே பெயர் வாங்கியவர். அவருக்கு நல்ல தொந்தி. நின்று வாசித்தால் கடையில் விற்கிற கிட்டார் எல்லாம் வயிற்றின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும், மேல் ஸ்தாயிக்குக் கை எட்டாது. என் வீட்டுக்காரர் ஒரு அட்டையை அவர் வயிற்றில் வைத்து, பென்சிலால் கோடு இழுத்து, அதைப் பார்த்துப் பலகையை அறுத்தார். அவ்வளவுதான் எங்கள் டிசைன். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் அதே மாதிரி கேட்டார்கள். தொந்தி இல்லாதவர்களும் கேட்டார்கள்.

இப்போது ஒரு பெரிய கம்பெனி, உலகம் முழுக்கக் கடை போட்டிருக்கும் கம்பெனி, இந்த வடிவம் எங்களுடையது, டிரேட் மார்க் வாங்கியிருக்கிறோம், நீங்கள் காப்பி அடித்திருக்கிறீர்கள் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது. சோப்புக்குப் பெயர் பதிவு செய்வார்கள், தெரியும். செருப்பில் போடுகிற படத்தைப் பதிவு செய்வார்கள், அதுவும் தெரியும். ஒரு வளைவைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, இனிமேல் இப்படி யாரும் வளைக்கக்கூடாது என்று சொல்ல முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எரிச்சல் என்னவென்றால், அவர்கள் அனுப்பிய படத்தில் அந்தக் கிட்டாரும் எங்கள் கிட்டாரும் ஒட்டிப் பிறந்த மாதிரிதான் இருந்தன.

எங்கள் வக்கீலம்மா எப்போதும் வாயில் ஒரு பெப்பர்மின்ட்டை ஒதுக்கிக்கொண்டே பேசுவார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது.

"ரெண்டும் ஒண்ணு மாதிரி இல்லன்னு வாதாட முடியாதுங்க. கண்ணு இருக்குறவன் பாப்பான்ல? ஒரே வழிதான். அவங்க இதை விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க செஞ்சிருக்கீங்கன்னு காட்டணும். பில்லு இருக்கா?"

"பில்லு போடுற அளவுக்கு அப்ப நாங்க பெரிய ஆளா இல்லைங்க," என்றேன் நான்.

"போட்டோ?"

போட்டோ இருந்தது. சுருதி அண்ணனின் குழு மேடையில் நிற்கும் போட்டோக்கள் கட்டுக் கட்டாக இருந்தன. எல்லாவற்றிலும் பாடகர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சரியாக எங்கள் கிட்டாருக்கு முன்னால் நின்றார். ஒன்றில் மட்டும் கிட்டாரின் வால் பக்கம் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

"அந்த முதல் கிட்டார் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அவர்கிட்டத்தான். இன்னும் அதுலதான் வாசிக்கிறார்," என்றார் என் வீட்டுக்காரர்.

வக்கீலம்மா பெப்பர்மின்ட்டைக் கடித்து விழுங்கினார்.

கிட்டாரை சுருதி அண்ணனே கொண்டுவந்து கொடுத்தார். வெளியூர்க் கச்சேரிக்கு இரவல் கிட்டாரோடு போகிறேன், திரும்பி வரும்போது நேராகக் கம்பெனிக்காரர்களோடு வைத்திருந்த சமரசப் பேச்சுவார்த்தைக்கே வந்துவிடுகிறேன் என்றார். பெட்டியைத் திறந்தபோது எனக்கே முகம் சுளித்தது. மேலே பூசிய லாக்கர் வார்னிஷ் மஞ்சளேறி, வறண்ட குளம் மாதிரி வெடிவெடியாக இருந்தது. கைப்பட்ட இடமெல்லாம் பிசுக்கு, அதன் மேல் புழுதி. வக்கீலம்மா அதைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"இதாங்க சாட்சி. இந்த வெடிப்பையும் மஞ்சளையும் அழுக்கையும் எவனாலும் நேத்து உக்காந்து செய்ய முடியாது. அவங்க பக்கத்து நிபுணரே பேச்சுவார்த்தை அன்னைக்குப் பாக்கட்டும். அதுவரைக்கும் உங்க ஷெட்டுலயே இருக்கட்டும். யாரும் கை வைக்காதீங்க."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும் என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து என் தங்கை படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். நான் அவள் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. போகும்போது இவரிடம் சொன்னேன், ஏதாவது செய்யணும்னு கை துறுதுறுன்னா மொட்டை மாடிக்குப் போய் நடங்க என்று. அவர் அதற்கும் தலையாட்டினார். தங்கை வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் பண்ணினால், என்ன பண்றீங்க என்று கேட்டால், சும்மாதான் இருக்கேன் என்பார். பின்னணியில் பெயிண்ட் அடிக்கிற கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்கும். என்ன சத்தம் என்றால் பக்கத்து வீட்டில் என்பார். பக்கத்து வீட்டில் ஏது கம்ப்ரசர். நான் யோசித்திருக்க வேண்டும். தங்கையின் காலைப் பார்ப்பேனா, இதைப் பார்ப்பேனா.

பேச்சுவார்த்தைக்கு முந்தைய நாள் திரும்பி வந்தேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் ஷெட்டுக்குப் போனேன். காயப்போடும் கொக்கியில் ஒரு கறுப்புக் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. என் முகம் அதில் தெரிந்தது. இது எது, புது ஆர்டரா, வேலை செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மூலையில் சுருதி அண்ணனின் பெட்டி காலியாகத் திறந்து கிடப்பதைப் பார்த்தேன். 

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அழுக்கா இருந்துச்சு," என்றார்.

"அந்த அழுக்குதாங்க நம்ம சாட்சி. அந்தம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னாங்களே."

"கேட்டேன். கேட்டுட்டுத்தான் இருந்தேன். பெட்டிக்குள்ள ஒரு இடத்துல லாக்கர் உரிஞ்சு துருத்திட்டு இருந்துச்சு. அதை மட்டும் எடுத்துடலாம்னுதான் உக்காந்தேன். அதை எடுத்தா பக்கத்துல இருக்குறது தனியா தெரியுது." கையைப் பிசைந்துகொண்டார். "நாலு பேர் பாக்குற எடத்துக்குப் போகுது. அது என் பேர்ல போகுது. அந்தக் கோலத்துல எப்படி அனுப்புறது?"

"ஏன் கறுப்பு?"

"கறுப்பு எடுப்பா இருக்கும்," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவருடைய அம்மாவிலிருந்து ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்துக்குத் தரகு பேசியவர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. அவர் சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்து உயர வாரியாக அடுக்கிக்கொண்டே கேட்டார். ஊரில் பிழை செய்துவிட்டு வருகிற புருஷன்கள் உண்டு. சாட்சியைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்த புருஷன் எனக்குத்தான் வாய்த்தார்.

வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மறுமுனையில் பெப்பர்மின்ட் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"சரி," என்றார் கடைசியில். "ஓனர் வந்து என் கிட்டார்தான்னு சொல்லட்டும். ரிப்பேர் பண்ணதுன்னு நாம சொல்லுவோம். ஆனா ஒண்ணு, அதுக்கு முன்னாடி அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. சாட்சிக்குச் சொல்லிக் குடுத்தீங்கன்னு ஆயிடும்."

பேச்சுவார்த்தை ஒரு நீள மேசை போட்ட அறையில் நடந்தது. ஏசி அறை. எதிர்ப்பக்கம் கம்பெனியின் வக்கீலும் நிபுணரும். நடுவில் சமரசம் பேசி வைக்க ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. என் வீட்டுக்காரர் அந்த மேசையின் விளிம்பை அடியில் கைவிட்டுத் தடவிக்கொண்டே இருந்தார், ஒட்டுப்பலகையா உண்மையான மரமா என்று பார்க்கிறாராம். சுருதி அண்ணன் பஸ்ஸிலிருந்து நேராக வந்து சேர்ந்தார், கசங்கிய சட்டையும் சிவந்த கண்ணுமாக. மேசை மேல் இருந்த கிட்டாரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட, நல்லா இருக்கே. புதுசா செஞ்சதா?"

கம்பெனி வக்கீல் பேனாவை எடுத்துக்கொண்டார். நீதிபதி கேட்டார், இது உங்கள் கிட்டார்தானா, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. சுருதி அண்ணன் அதை வாங்கித் தொந்தியில் சாத்தி வைத்துக்கொண்டார். நாலு சுரம் வாசித்தார். திருப்பி முதுகைப் பார்த்தார். 

"என்னோடது இல்லைங்க," என்றார்.

"நீங்கள் நிச்சயமாகச் சொல்கிறீர்களா?"

"என்னோடதுல அஞ்சாவது கம்பி கரகரன்னு பேசும். கழுத்துல ஒரு எடம் விரலக் கிழிக்கும். இது வெண்ணெய் மாதிரி போகுது. வடிவம் அதே வடிவம்தான், அவர் செய்யுற எல்லாமே இந்த வடிவம்தானே." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "தம்பி, என் கிட்டார் எங்க?"

எங்கள் வக்கீலம்மா எழுந்து, ரிப்பேர் செய்யப்பட்டது என்றார். என்ன ரிப்பேர் என்று எதிர்ப்பக்க வக்கீல் இவரைக் கேட்டார். சுத்தம் பண்ணினேன், கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பி மாற்றினேன், வயர் மாற்றினேன், கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் மாற்றினேன், பாலிஷ் அடித்தேன் என்று இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல குரலில் ஒரு நிமிர்வு வந்தது. என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். போனில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் அம்மா என்றார் அந்த வக்கீல்.

"அப்படியானால் இதில் பழையது என்று எதுதான் மிச்சம் இருக்கிறது?"

"மரம்," என்றார் இவர்.

"மரம் தேய்க்கப்பட்டுவிட்டால் வயது சொல்ல முடியாது," என்றார் நிபுணர். "பெயிண்டைச் சுரண்டினாலும் புது மரம் மாதிரிதான் இருக்கும். இல்லையா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கிட்டாரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். வக்கீலம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் மேசைக்கு அடியில் தொடையில் கிள்ளினேன். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அப்புறம் பேச என்ன இருக்கிறது. கம்பெனி ஒரு வழி சொன்னது. நஷ்ட ஈடு கேட்க மாட்டார்கள். நாங்கள் இனிமேல் அந்த வடிவத்தைச் செய்யக்கூடாது. ஷெட்டில் இருக்கும் உடல்கள் அத்தனையையும் அவர்கள் அனுப்பும் ஆளின் முன்னால் அறுத்துவிட வேண்டும். இந்தக் கறுப்புக் கிட்டாருக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லாததால் அதுவும் எங்கள் சரக்குதான், அதையும் அறுக்க வேண்டும். அறுத்து முடித்ததும் கையெழுத்து. மாட்டோம் என்றால் கோர்ட்டு. வக்கீலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோர்ட்டுக்குப் போனால் ஷெட்டும் மிஞ்சாது என்றார். பெப்பர்மின்ட் ஒன்றை எனக்கும் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தளர்ந்திருந்த ஜன்னல் கம்பியைத் திருகிக்கொண்டே வந்தார். ரொம்ப தூரம் வந்தபின் என் பக்கம் திரும்பினார்.

"அவராலேயே கண்டுபிடிக்க முடியல, பாத்தியா?"

அந்தக் குரலில் இருந்தது பெருமையேதான். வடிவம் போயிற்று, பிழைப்பு போயிற்று, இந்த மனுஷனுக்கு வேலை சுத்தமாக வந்ததில் ஒரு சந்தோஷம். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, அவரை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாமா என்றும் வந்தது.  

சுருதி அண்ணன் மட்டும் விடவில்லை. தினமும் வந்தார். வாசலில் நின்று, தம்பி என் கிட்டார் என்பார். அதுதான் அண்ணே இது என்று இவர் காட்டுவார். "எவ்வளவு ரிப்பேர் பண்ணாலும் ஒரு தழும்புகூடவா மிஞ்சாது? யாருக்காவது வித்துட்டியா, சொல்லிடு, நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்பார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இரவல் கிட்டார் தொந்தியில் நிற்காமல், உட்கார்ந்து வாசிக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு மனசு ஆறவில்லை. இந்த வடிவம் அவர் உடம்பிலிருந்து எடுத்தது. அது இனிமேல் உலகத்தில் அவருக்கே கிடையாது.

அறுக்கிற நாள் கம்பெனி ஆள் காலையிலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், மரியாதையான பேச்சு. மரத்தூள் ஒத்துக்கொள்ளாது போல, உள்ளே வந்ததிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு உடலையும் அறுப்பதற்கு முன்னால் ஒரு படம், அறுத்த பின்னால் ஒரு படம். கையில் ஒரு அட்டையில் குறிப்பு எழுதிக்கொண்டார். சுருதி அண்ணனும் வழக்கம்போல வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

என் வீட்டுக்காரர் ரம்பத்தை ஓட்டினார். முதல் உடல். கீழ்க்கொம்பு தனியாகக் கழன்று விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, ஊதி, மேசையில் வைத்தார். இரண்டாவது உடல். அதன் கொம்பை முதல் கொம்புக்குப் பக்கத்தில் வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்து விரலால் கொஞ்சம் நகர்த்தினார். என்னால் பார்க்க முடியவில்லை. நான் வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, அடுத்தது அந்தக் கறுப்புக் கிட்டார். உங்களோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வித்துட்ட சாமான்னா தொட மாட்டாங்க. அது ஒண்ணாவது மிஞ்சும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீ என் கூடப் பொறந்தவ மாதிரி. உனக்காக வேற எது வேணாலும் செய்வேம்மா. பொய் சொல்லச் சொல்லாத."

உண்மையைச் சொல்லச் சொல்லித்தான் கெஞ்சினேன். அவருக்கு அது பொய். நான் என்ன செய்ய.

உள்ளே இவர் கறுப்புக் கிட்டாரை இறக்கி, கம்பிகளை அவிழ்த்து, கழுத்தைக் கழற்றி வைத்திருந்தார். உடல் மட்டும் மேசையில் கிடந்தது. ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதைத் தூக்கிக்கொண்டு ரம்பத்துக்குப் போவதற்குப் பதிலாக, பாக்கெட்டிலிருந்து மெல்லிய துணியை எடுத்தார். விரல் ரேகை பட்டிருக்கிறது என்று துடைக்க ஆரம்பித்தார். இன்னும் இரண்டு நிமிஷத்தில் துண்டாகப் போகிற பொருளை வாயால் ஆவி ஊதி ஊதித் துடைத்தார். அங்கேதான் எனக்குப் பொறுமை அறுந்தது. சுவரில் தொங்கிய சுரண்டும் தகட்டை எடுத்தேன். கிட்டாரைப் பிடுங்கி மேசையில் மல்லாத்திப் போட்டேன்.

"குப்பைக்குப் போறதுக்கு எதுக்குங்க இந்த மேக்கப்பு?"

ஒரே இழுப்பு. கறுப்பு சுருள் சுருளாக வந்தது. கீழே பெயிண்டுக்கு அடியில் பூசுகிற வெள்ளைப் பட்டி, அதற்கும் கீழே வெளிறிய மரம். நிபுணர் சொன்ன மாதிரியே புது மரம்தான். இன்னொரு இழுப்பு. கம்பெனி ஆள் தும்முவதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தகட்டை மேல் விளிம்புப் பக்கம் கொண்டுபோனபோதுதான் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அங்க வேணாம்."

"எங்க வேணாம்?"

"அங்க வேணாம்னா விடேன்."

அறுக்கப் போகிற மரத்தில் அங்கே என்ன, இங்கே என்ன. நான் கையை உதறிவிட்டு அங்கேயேதான் சுரண்டினேன். கறுப்பு போயிற்று, பட்டி போயிற்று, அதற்கடியில் மறுபடியும் கறுப்பு வந்தது. பெயிண்ட் கறுப்பு இல்லை. பழைய புளியின் கறுப்பு. நான் சுரண்டச் சுரண்ட அது போகவில்லை, அகலமாகிக்கொண்டே போனது. மேல் விளிம்பிலிருந்து சாய்வாக இறங்கி, ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் மெலிந்து, நடுவில் ஒரு கோடு மாதிரி வெளிறிய பட்டை.

"இது என்னங்க?"

 சுருதி அண்ணன் நிலையை விட்டு உள்ளே வந்தார். கிட்டாரை வாங்கித் தொந்தியில் வைத்தார். வலது கையை அதன் மேல் போட்டார். முன்னங்கை அந்தக் கறுப்பின் மேல் அப்படியே படிந்தது. வெளிறிய பட்டை இருந்த இடத்தில் அவருடைய வாட்ச் வார் இருந்தது.

 ரம்பம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை அணைத்தேன்.

"என்னோடதுதான்யா," என்றார் சுருதி அண்ணன். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்புறம் கோபம் வந்தது. "எத்தனை மேடை வேர்வை இது. இதை மறைச்சு வெச்சுட்டு என்னை அத்தனை பேர் முன்னாடி பொய்யனாக்கினியே தம்பி."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "இது இங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு அந்த ஆளு மரத்தைப் பத்திக் கேட்டப்பவும் தெரியும். ஏன் வாயத் திறக்கல?"

அவர் மேசையில் கிடந்த சுருள்களை விரலால் ஒதுக்கினார். 

"போகல," என்றார் கடைசியில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "தேச்சுத் தேச்சுப் பாத்தேன். உள்ள வரைக்கும் இறங்கியிருக்கு. இன்னும் தேச்சா மரம் மெலிஞ்சுடும். அதான் பட்டி பாத்துக் கறுப்பு அடிச்சேன். கறையை எடுக்கத் தெரியாதவன்தான் பெயிண்ட அடிச்சு மறைப்பான். ஊர்ல எல்லாரையும் நானே அப்படித்தான் திட்டுவேன். அதை அந்த மேசையில அத்தனை பேருக்கு முன்னாடி எப்படிச் சொல்றது?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாக, பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும், ஒரு கறைக்காக இந்த மனுஷன் சொந்தக் கொம்பையே அறுக்கத் துணிவார் என்று நான் நினைக்கவில்லை.

வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். நான் பாதி சொல்லும்போதே, யாரும் எதையும் வெட்டாதீங்க, அந்தாளை அங்கேயே நிறுத்தி வைங்க, நான் வர்றேன் என்று கத்தினார். மரத்துக்குள் இறங்கிய இத்தனை வருஷ வேர்வையை எவனாலும் நேற்று உட்கார்ந்து செய்ய முடியாது, இதை வைத்துக்கொண்டு பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், அவர்கள் இறங்கி வந்துதான் ஆகவேண்டும் என்றார். கம்பெனி ஆள் அந்த முன்னங்கையைக் கிட்டாரோடு சேர்த்துப் பல பக்கத்திலிருந்து படம் எடுத்தார். நான் சொல்லாமலே எடுத்தார். பிறகு அட்டையைப் புரட்டி, பேனாவைத் தேடினார்.

"வேலையை நிறுத்தினதுக்கு ஒரு காரணம் எழுதணும்ங்க," என்றார் என் வீட்டுக்காரரிடம். "பழைய வேர்வைக் கறை, மரத்தை விட்டுப் போகலன்னு எழுதிக்கட்டுமா?"

அவர் முகம் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. சுருதி அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போகலன்னு எழுதாதீங்க," என்றார். "என்னால எடுக்க முடியலன்னு எழுதுங்க. முடியாம, மேல கறுப்பு அடிச்சு மறைச்சேன்னு எழுதுங்க."

அந்த ஆள் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். நாங்கள் எல்லோரும் நின்று கேட்டோம்.